ஸ்பைக் தடம் மாறினால் முதலில் வயர் முனையைத் தேடுங்கள்: பேஸ்மேக்கர் சென்சிங் கோளாறுகள், அறிகுறி வாரியாக

தொண்டியிலோ கீழக்கரையிலோ மண்டபத்திலோ டியூட்டியில் இருப்பவர் முன்னால், பேஸ்மேக்கர் வைத்த ஒருவர் "கண்ணை இருட்டிக்கிட்டு வருது" என்று வந்து உட்காருகிறார். கையில் இருப்பது ஈசிஜி மெஷின், எக்ஸ்ரே, தேடினால் கிடைக்கும் ஒரு வட்டக் காந்தம். கருவியோடு பேசும் ப்ரோக்ராமர் பெரும்பாலும் மதுரையில்தான். ராமேஸ்வரத்திலிருந்து சாலை வழியாக அது சுமார் 170 கிலோமீட்டர். இந்த மூன்று பொருளை வைத்தே சென்சிங் கோளாறு, அதாவது இதயத்தின் சொந்தத் துடிப்பைக் கருவி சரியாகக் கேட்காத கோளாறு, எந்த வகை, இப்போதே ஆம்புலன்ஸா, நாளைக் காலை பஸ்ஸா என்று பிரித்துவிடலாம். டாக்டர்கள், நர்ஸுகள், ஈசிஜி டெக்னீஷியன்களுக்கான வழிமுறை இது. வீட்டில் இருப்பவர்கள் படிக்கலாம். ஆனால் காந்தம் உட்பட எதையும் தாங்களே சோதித்துப் பார்க்கக் கூடாது.

ஈசிஜியின் லீடும் பேஸ்மேக்கர் லீடும் குழம்பும் என்பதால், இதயத்துக்குள் போவதை இங்கே வயர் என்றே சொல்கிறோம். நோயாளிகளும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

முனை எதைக் கேட்கிறது

இப்போது வைக்கப்படும் வயர்களில் பெரும்பாலானவை இருமுனை வயர்கள். நுனியில் ஒரு மின்முனை, அதிலிருந்து சுமார் 1 சென்டிமீட்டர் தள்ளி ஒரு வளையம். கருவி பார்ப்பது இதயத்தின் மொத்த மின்சாரத்தை அல்ல. இந்த இரண்டு இடங்களுக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டுமே. வலையில் கட்டிய இரண்டு மிதவைகளை நினைத்துக்கொள்ளுங்கள். வலை அலை வரும் திசையிலேயே நீண்டு கிடந்தால், அலை ஒரு மிதவையைத் தூக்கிய பிறகே அடுத்ததைத் தூக்கும். அந்தக் கணத்தில் இரண்டுக்கும் உயர வித்தியாசம் நன்றாகத் தெரியும். வலை கரைக்கு இணையாகக் கிடந்தால் அலை இரண்டையும் ஒன்றாகத் தூக்கும். கடல் எவ்வளவு ஏறினாலும் மிதவைகளுக்கு நடுவே வித்தியாசம் வராது. இதயத்திலும் இதே கதைதான். மின்னலை நுனியையும் வளையத்தையும் ஒரே நேரத்தில் தொட்டுவிட்டால், நல்ல தசையில் பதிந்த வயர்கூடச் சின்ன சிக்னலைத்தான் காட்டும். ஈசிஜியில் கீழறைத் துடிப்பின் அலையான க்யூஆர்எஸ் மலைபோல உயர்ந்து நிற்க, பேஸ்மேக்கர் அதைப் பார்க்காமல் விடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அலையின் திசை மாறினால் உயரமும் மாறும். வழக்கமான துடிப்பை 9 மில்லிவோல்ட்டாகப் பார்க்கும் அதே முனை, வேறோர் இடத்தில் பிறக்கும் கூடுதல் துடிப்பை 2 மில்லிவோல்ட்டாகப் பார்க்கக்கூடும்.

இரண்டாவது, வேகம். உயரம் போதுமானதாக இருந்தாலும் சிக்னல் மெதுவாக ஏறினால் கருவியின் வடிகட்டி அதைக் குறைத்துவிடும். துடிப்புக்குப் பின் கீழறை ஓய்வுக்குத் திரும்பும் டி அலையை ஒதுக்குவதற்காகவே அந்த வடிகட்டி மெதுவான அலைகளை அமுக்குகிறது. பழைய மாரடைப்புத் தழும்பின் ஓரத்தில் பதிந்த முனைக்கு இரண்டு குறையும் சேர்ந்தே வரும்: சிக்னல் குட்டையாகவும் இருக்கும், சோம்பலாகவும் இருக்கும்.

வயரைப் பதிக்கும் நாளில் எதிர்பார்க்கும் அளவுகள் இவை. கீழறையில் ஆர் அலை 5 மில்லிவோல்ட்டுக்கு மேல், மேலறையில் பி அலை 1.5 முதல் 2 மில்லிவோல்ட்டுக்கு மேல். துடிப்பைப் பிடிக்கத் தேவையான மின்னழுத்தம், 0.5 மில்லிசெகண்ட் அகலத்தில், கீழறைக்கு 1 வோல்ட்டுக்குள், மேலறைக்கு 1.5 வோல்ட்டுக்குள். மின்தடை பொதுவாக 300 முதல் 1000 ஓம். வயரின் மாடலைப் பொறுத்து இது மேலும் போகலாம். திருகு வைத்த வயரைத் திருகிய உடனே அளந்தால் தசை காயப்பட்ட நிலையில் எண்கள் ஏமாற்றும். 5 முதல் 10 நிமிடம் பொறுத்து மறுபடி அளக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் இந்த எண்கள் இருந்தால் அது தங்கம். இல்லாத சீட்டுகளே அதிகம் என்பதுதான் வருத்தம்.

சென்சிட்டிவிட்டி எண்ணை வலைக் கண்ணியாக எடுத்துக்கொண்டால் குழப்பமே வராது. 2.5 மில்லிவோல்ட் என்பது பெரிய கண்ணி. பெரிய மீன்தான் மாட்டும். 0.5 என்பது சிறுகண்ணி. பொடியும் குப்பையும் சேர்ந்தே வரும். எண் குறைந்தால் கூர்மை கூடுகிறது. "சென்சிட்டிவிட்டியைக் கூட்டுங்கள்" என்று போனில் சொல்லி எதிர்முனையில் எண்ணைக் கூட்டிவிடும் விபத்து நடக்கக்கூடியது. எண்ணைச் சொல்லியே பேசுங்கள். அளந்த சிக்னலின் பாதிக்கு மேல் அந்த எண் போகக் கூடாது; 5 மில்லிவோல்ட் ஆர் அலைக்கு 2.5 என்பதே மேல்வரம்பு.

பார்ப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

12 லீட் ஈசிஜியோடு, நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் குறைந்தது ஒரு நிமிட நீளத்துக்குத் தொடர்பட்டை எடுங்கள். மெஷினின் தசை வடிகட்டியை அணைத்துவிடுங்கள். கருவி தூண்டும்போது ஈசிஜியில் விழும் குத்துக்கோடுதான் ஸ்பைக். இருமுனை ஸ்பைக் சிறியது; வடிகட்டி அதைத் தின்றுவிட்டால் "ஸ்பைக்கே வரவில்லை" என்ற பொய்யான முடிவுக்கு வருவோம். நாடியையும் விரலால் எண்ணுங்கள். ஸ்பைக்கை எண்ணி நாடியை எழுதுவது பெரிய தப்பு.

நோயாளியின் அட்டையில் கம்பெனி, மாடல், ஒற்றை வயரா இரட்டை வயரா, அடிப்படைத் துடிப்பு எவ்வளவு, வயர் எந்த இடத்தில் என்று பாருங்கள். அதிர்ச்சி கொடுக்கும் ஐசிடி கருவியா என்பதையும் உறுதி செய்யுங்கள். ஐசிடி மீது காந்தம் வைத்தால் அதிர்ச்சிச் சிகிச்சை நின்றுவிடும், பேசிங் மாறாது. கீழே காந்தம் பற்றிச் சொல்வதெல்லாம் சாதாரண பேஸ்மேக்கருக்கு மட்டும்.

அறிகுறி 1: மயக்கம், ஈசிஜியில் வெறும் இடைவெளி

மற்ற எல்லா அறிகுறியையும்விட ஆபத்தானது இது. துடிப்பும் இல்லை, ஸ்பைக்கும் இல்லை. முதலில் ஒன்றைப் பிரியுங்கள்: ஸ்பைக் இருந்தும் பின்னால் க்யூஆர்எஸ் வரவில்லையென்றால் அது சென்சிங் கோளாறு அல்ல, பிடிப்பு இழப்பு. அங்கே காந்தத்தால் பயனில்லை. வெளியிலிருந்து பேசிங் பேட் ஒட்டுங்கள், அட்ரோபின் தயாராக இருக்கட்டும், பொட்டாசியம் பாருங்கள்.

ஸ்பைக்கே இல்லையென்றால், டிஃபிப்ரிலேட்டரை அருகில் வைத்துக்கொண்டு, பட்டை ஓடிக்கொண்டிருக்கும்போதே காந்தத்தைக் கருவியின் மேல் வையுங்கள். ஸ்பைக் ஒழுங்காக வரத் தொடங்கி நாடியும் கூடினால் கருவி உயிரோடு இருக்கிறது. இல்லாத எதையோ இதயத் துடிப்பு என்று நம்பி இதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தது. ஓவர்சென்சிங் என்பது அதுதான். நோயாளி முழுக்கக் கருவியையே நம்பியிருப்பவரானால் காந்தத்தை பிளாஸ்டரால் ஒட்டி அப்படியே ஆம்புலன்ஸில் ஏற்றலாம். வழியில் அதை எடுத்துவிடக் கூடாது என்று துணைக்குப் போகிறவரிடம் சொல்லுங்கள். காந்தம் வைத்தும் ஸ்பைக் வரவில்லையென்றால் பேட்டரி தீர்ந்திருக்கலாம், வயர் முறிந்திருக்கலாம், கருவிக்குள் திருகு தளர்ந்திருக்கலாம்.

காந்தத்துக்குப் பதில் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. மெட்ரானிக் கருவி நல்ல பேட்டரியில் நிமிடத்துக்கு 85, மாற்ற வேண்டிய கட்டத்தில் 65 என்று ஓடும். பயோட்ரானிக் வழக்கமான அமைப்பில் 10 துடிப்பு மட்டும் 90-இல் ஓடிவிட்டு மறுபடி கேட்கத் தொடங்கிவிடும். அதை ஆம்புலன்ஸில் ஒட்டி அனுப்பி நிம்மதியாக இருக்க முடியாது. சில கருவிகளில் காந்தப் பதிலையே அணைத்து வைக்க முடியும்.

அடுத்து, அது எதைத் துடிப்பு என்று நம்பியது? ஒற்றை வயர் கருவிக்குப் பின்னோக்கி அளக்கும் முறை உண்டு. அடிப்படைத் துடிப்பு 60 என்றால் இடைவெளி 1000 மில்லிசெகண்ட், காகிதத்தில் 25 மில்லிமீட்டர். 50 என்றால் 30 மில்லிமீட்டர். தாமதமாக வந்த ஸ்பைக்கிலிருந்து அந்த நீளத்தைப் பின்னோக்கி வைத்துப் பாருங்கள். அளவுகோல் எங்கே போய் விழுகிறதோ, அந்த இடத்தில்தான் கருவி எதையோ பார்த்திருக்கிறது.

டி அலை மேல் விழுந்தால்: ஸ்பைக்குக்கு 350 மில்லிசெகண்ட் கழித்து வரும் டி அலையிலிருந்து 1000 எண்ணுவதால் மொத்த இடைவெளி 1350 ஆகி, 60-க்கு அமைத்த கருவி 44-இல் ஓடும். ஆனால் ஹிஸ்டெரிசிஸ், இரவுநேரத் துடிப்பு போன்ற அமைப்புகள் வேண்டுமென்றே துடிப்பைக் குறைக்கும். நோயாளிக்குத் தொல்லை இல்லாமல், இடைவெளி எப்போதும் ஒரே அளவில் நீண்டிருந்தால் முதலில் அதைச் சந்தேகியுங்கள்.

பி அலை மேல் விழுந்தால்: உடனே எழுந்து நில்லுங்கள். கீழறை வயர் மேலறையைப் பார்க்கிறது. நுனி கீழறையின் அடியை விட்டு நழுவி முக்கோண வால்வின் பக்கம் வந்துவிட்டால் இப்படி நடக்கும். மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் மின்பாதை முழுதாக அடைபட்ட நோயாளிக்கு மேலறை ஒழுங்காகத் துடித்துக்கொண்டே இருக்க, ஒவ்வொரு பி அலையும் பேஸ்மேக்கரை அடக்கிவிடும். எண்ணை மாற்றித் தீர்க்கும் விஷயமே அல்ல இது. மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சாரம் இறங்கும் ஹிஸ் கற்றை மேல் பதித்த வயருக்கும் மேலறை பக்கத்து வீடுதான். அங்கே ஆர் அலை குட்டையாக இருப்பதும், அதற்காகக் கண்ணியைச் சிறிதாக்கியதும் மேலறை உள்ளே நுழைவதும் தெரிந்த சங்கடம்.

வெறும் இடத்தில் விழுந்தால்: ஈசிஜியில் தெரியாத தசை மின்சாரம், வயர் முறிவின் இரைச்சல், வெளி மின்காந்தம், இவற்றில் ஒன்று. பட்டையை ஓடவிட்டபடியே வரிசையாகச் செய்ய வையுங்கள். நீளமாக மூச்சை இழுத்து அடக்கச் சொல்லுங்கள், இருமச் சொல்லுங்கள், முக்கச் சொல்லுங்கள். இதில் இடைவெளி வந்தால் சந்தேகம் உதரவிதானத்தின் மேல். கீழறை அடியில் உட்கார்ந்த முனைக்கு உதரவிதானம் மிக அருகில் இருக்கிறது. பிறகு இரு உள்ளங்கைகளையும் மார்புக்கு நேரே வைத்து அழுத்தச் சொல்லுங்கள். வலை இழுப்பதுபோலத் தரையோடு கட்டிய கயிற்றை இழுக்கச் சொல்லுங்கள். இதில் இடைவெளி வந்து, வயர் ஒருமுனை அமைப்பில் இருந்தால் மார்புத் தசையே காரணம். ஒருமுனை அமைப்பில் வளையத்துக்குப் பதில் கருவியின் உலோக உடலே அடுத்த முனை, அது படுத்திருப்பது மார்புத் தசையின் மேல். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி எடுத்த ஈசிஜி எல்லாம் நன்றாக இருந்து, பாம்பனில் வலை இழுக்கும்போது மட்டும் கிறுகிறுப்பு வருகிறது என்றால் இந்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள். தீர்வு பெரும்பாலும் சுலபம்: இருமுனை வயராக இருந்தால் சென்சிங்கை இருமுனைக்கு மாற்றுவது.

கையைத் தலைக்கு மேல் தூக்கும்போதும் தோளைச் சுழற்றும்போதும் இரைச்சல் வந்தால் காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே வயர் நசுங்குகிறது. பனையேறுபவர்கள், துடுப்பு வலிப்பவர்கள், கரைவலை இழுப்பவர்கள் எல்லோருக்கும் அந்த இடுக்கில்தான் உராய்வு. மின்தடை 200 ஓமுக்குக் கீழே சரிந்தால் உறை கிழிந்திருக்கிறது. 2000-ஐத் தாண்டினால் உள்கம்பி முறிந்திருக்கிறது அல்லது திருகு சரியாக இறுகவில்லை. வைத்த முதல் வாரத்தில் இப்படி வந்தால் திருகு, பல வருடம் கழித்து வந்தால் முறிவு என்று பந்தயம் கட்டலாம். முனை அருமையான இடத்தில் இருந்தும் சிக்னல் கெடுவது இங்கேதான்; எக்ஸ்ரேயில் இதயத்தை மட்டும் பார்த்துவிட்டுக் காறை எலும்பின் கீழே பார்க்காமல் விட்டுவிடுகிறோம்.

அறிகுறி 2: சொந்தத் துடிப்பு இருக்கும்போதே ஸ்பைக் குத்துகிறது

நோயாளிக்கு எதுவுமே தெரியாமல் இருக்கலாம், அல்லது நெஞ்சில் ஒரு திடுக், கழுத்தில் ஒரு துள்ளல். ஸ்பைக் டி அலையின் மேல் விழ நேர்ந்தால், குறிப்பாக மாரடைப்பு நேரத்திலோ பொட்டாசியம் குறைந்திருக்கும்போதோ, கீழறைப் படபடப்பைக் கிளப்பிவிடும். ஆகவே மானிட்டரில் போடுங்கள், காந்தம் வைக்காதீர்கள். காந்தம் கேட்பதையே நிறுத்தும், இங்கே ஏற்கெனவே கேட்காததுதான் வியாதி.

கோளாறு என்று சொல்வதற்கு முன் மூன்று போலிகளைக் கழியுங்கள்.

ஸ்பைக் க்யூஆர்எஸ்ஸுக்குள்ளேயே விழுந்தால் அது பெரும்பாலும் கோளாறு இல்லை. உடலின் மேல் க்யூஆர்எஸ் தொடங்கும் நேரமும், அந்த அலை முனைக்கு வந்து சேரும் நேரமும் ஒன்றல்ல. இதய மின்பாதையின் வலது கிளையில் அடைப்பு உள்ளவருக்கு இடது பக்கம் முதலில் கிளம்பி வலது கீழறைக்கு அலை தாமதமாக வருகிறது. க்யூஆர்எஸ் பாதி எழுதி முடிந்த பிறகும் வலது அடியில் இருக்கும் முனைக்குச் சேதி வந்திருக்காது. அது அமைதி என்று நினைத்து ஸ்பைக் விடும். முனை இருக்கும் இடத்தால் வரும் தாமதம் இது. எந்த எண்ணை மாற்றியும் பயனில்லை, மாற்றவும் வேண்டாம்.

அடுத்தது, மறதி நேரம். ஒவ்வொரு ஸ்பைக்குக்கும் பிறகு கருவி சிறிது நேரம் காதை அடைத்துக்கொள்ளும். கீழறையில் இது பொதுவாக 250 மில்லிசெகண்ட் அளவில். அதற்குள் வந்த கூடுதல் துடிப்பு எண்ணப்படாது.

மூன்றாவது சட்டைப் பை. போனின் பின்னால் காந்தம், காந்த மூடி வைத்த போன் உறை, ஸ்பீக்கர். இவை கருவியின் மேல் படிந்தால் காந்தப் பதில் கிளம்பிவிடும். 15 சென்டிமீட்டர் தள்ளி வைத்துவிட்டு மறுபடி பட்டை எடுங்கள். ஆம்புலன்ஸுக்குச் சொல்வதற்கு முன் பையைத் தடவிப் பாருங்கள்.

மூன்றும் இல்லையென்றால் உண்மையான அண்டர்சென்சிங், அதாவது சொந்தத் துடிப்பைக் கருவி கேட்காமல் விடுவது. இப்போது நாள் கணக்கு முக்கியம். வைத்து 6 வாரத்துக்குள் என்றால் வயர் நகர்ந்திருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு எக்ஸ்ரேக்கு அனுப்புங்கள். பெரும்பாலான நகர்வுகள் முதல் சில நாட்களிலேயே நடந்துவிடும். பிடிப்பும் சேர்ந்து விட்டுப்போனால் சந்தேகமே இல்லை. பிடிப்பு இருந்து கேட்பது மட்டும் குறைந்தால், முனை அரை மில்லிமீட்டர் தளர்ந்திருக்கலாம், சுற்றியுள்ள தசை வீங்கியிருக்கலாம். ஸ்டீராய்டு கசியும் முனைகள் வந்த பிறகு இந்த வீக்கச் சரிவு முன்பைவிடக் குறைவு.

வருடங்கள் கழித்து வந்தால் காரணம் தசையில்: அந்த இடத்தில் புதிதாக ஒரு மாரடைப்பு, நாரேற்றம், துடிப்பை ஒழுங்குபடுத்தும் ஃப்ளெக்கைனைட் போன்ற மருந்து, டயாலிசிஸ் நோயாளிக்குப் பொட்டாசியம் ஏறியது. பொட்டாசியம் ஏறும்போது க்யூஆர்எஸ் அகன்று சிக்னலின் ஏற்றம் சோம்பலாகிவிடும். பொட்டாசியத்தைச் சரிசெய்தால் முனை மறுபடி கேட்கும். இந்த ஒரு ரத்தப் பரிசோதனைக்காக மதுரை வரை போக வேண்டாம்.

ப்ரோக்ராமர் கிடைத்ததும் வரிசை இப்படி. முதலில் ஆர் அலையை அளக்க வேண்டும்: படுத்து, உட்கார்ந்து, நின்று, ஆழ மூச்சில். 3 மில்லிவோல்ட் கிடைத்தால் எண்ணை 2.5-லிருந்து 1.2 வாக்கில் இறக்கலாம். இறக்கிய பிறகு மேலே சொன்ன மூச்சு, முக்கல், கை அழுத்தச் சோதனைகளைக் கட்டாயம் மறுபடி செய்ய வேண்டும். சிறுகண்ணி குப்பையை அள்ளுகிறதா என்று பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. இருமுனையில் சிக்னல் குட்டையாக இருந்து, நோயாளி கருவியையே நம்பியிருப்பவர் அல்ல என்றால், ஒருமுனைக்கு மாற்றிப் பார்க்கலாம். மிதவை எடுத்துக்காட்டில் ஒன்றைக் கரையிலேயே கட்டிவைத்ததுபோல, திசைப் பிரச்சினை மறையும். பதிலுக்கு மார்புத் தசை உள்ளே வரும். வலை இழுப்பவருக்கு இந்தப் பண்டமாற்றைப் பரிந்துரைக்கத் தயங்க வேண்டும். நிற்கும்போது 1 மில்லிவோல்ட், படுத்தால் 6 என்று ஊசலாடினால் எண்ணோடு மல்லுக்கட்டாதீர்கள். முனை பதியவில்லை. மறுபடி பதிப்பதுதான் வழி.

முனை எங்கே: ஈசிஜியும் எக்ஸ்ரேயும் சொல்வது

ஸ்பைக்கைத் தொடர்ந்து வரும் க்யூஆர்எஸ்ஸின் உருவமே முனையின் முகவரி. வலது கீழறை முனை என்றால் இடது கிளை அடைப்பின் சாயல், வி1-இல் கீழ்நோக்கி. கீழறையின் அடியில் என்றால் 2, 3, ஏவிஎஃப் மூன்றும் கீழ்நோக்கி இருக்கும். நுரையீரல் தமனி கிளம்பும் மேற்பகுதியில் என்றால் அந்த மூன்றும் மேல்நோக்கி. அதனால், டிஸ்சார்ஜ் அன்று எடுத்த ஈசிஜியில் கீழ்நோக்கி இருந்த 2, 3, ஏவிஎஃப் இன்று மேல்நோக்கி நின்றால், எக்ஸ்ரே வருவதற்கு முன்பே வயர் நகர்ந்துவிட்டது என்று எழுதிவிடலாம். பழைய ஈசிஜியைக் கேட்டு வாங்குவது இதற்காகத்தான்; அதன் ஜெராக்ஸ் நகலை லேமினேட் செய்து கொடுத்துவிட்டால் உப்புக்காற்றிலும் எழுத்து அழியாது.

வி1-இல் உயரமான மேல்நோக்கு அலை வந்தால் இடது கீழறை பேஸ் ஆகிறது என்று பொருள்: இரு கீழறைகளுக்கு நடுவிலுள்ள தடுப்பைத் துளைத்தோ, சுவரைத் துளைத்தோ, இதயத்தின் பின்புறச் சிரையான கரோனரி சைனஸ் வழியாகவோ. பதறுவதற்கு முன் வி1, வி2 ஒட்டுகளை ஒரு விலா இடைவெளி கீழே இறக்கி மறுபடி எடுங்கள். அலை கீழ்நோக்கித் திரும்பினால் ஒட்டு மேலே போட்டதுதான் காரணம். இன்னொரு விதிவிலக்கு புதிது: இடது கிளைப் பகுதியில் வேண்டுமென்றே பதித்த வயருக்கு வி1-இல் வலது கிளை அடைப்பின் சாயல் இருப்பதே இயல்பு. அட்டையில் மெட்ரானிக் 3830 என்ற வயர் இருந்தால் இதை நினைவில் வையுங்கள், 4.1 ஃப்ரெஞ்ச் தடிமனுள்ள அந்த ஒல்லி வயர் ஹிஸ் கற்றைக்கும் இடது கிளைப் பகுதிக்கும் அதிகம் பயன்படுவது.

எக்ஸ்ரே நேர்ப்படமும் பக்கவாட்டுப் படமும் வேண்டும். நேர்ப்படம் ஒன்றே போதாது. அதில் கீழறை அடிபோலத் தெரியும் முனை பக்கவாட்டில் பின்னோக்கிப் போனால் அது கரோனரி சைனஸில் இருக்கிறது. சரியான முனை பக்கவாட்டில் முன்னோக்கி, மார்பெலும்பின் பக்கம் பார்க்கும். மேலறைக் காதில் (மேலறையின் பைபோன்ற நீட்சியில்) உள்ள வயர் தமிழ் எழுத்து 'ப'-வின் அடிபோல வளைந்து நுனி மேல்நோக்கி நிற்கும். அந்த வளைவு நேராகிவிட்டால் விழுந்துவிட்டது. படத்தை மூச்சை முழுதாக இழுத்துப் பிடித்து எடுங்கள். உதரவிதானம் இறங்கும்போது இதயமும் இறங்கும். தளர்வு விடாமல் இறுக்கமாக வைத்த வயர் அப்போது விறைத்துத் தெரியும். விறைத்த வயர் நின்றால் இழுபடும், இழுபட்டால் சிக்னல் ஊசலாடும்.

கருவி இருக்கும் பையையும் படத்தில் சேருங்கள். வயர் அங்கே கயிறு முறுக்கியதுபோலச் சுருண்டிருந்தால் கருவி உருண்டிருக்கிறது. சிலர் தோலுக்கு மேலேயே அதைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள். பனை மரத்தில் மார்பை அணைத்து ஏறுபவருக்குக் கேட்காமலேயே உருளலாம்.

அறிகுறி 3: படபடப்பு, நாடி 120-130-இல் நிற்கிறது

இரட்டை வயர் கருவியில் மட்டும். மேலறை வயர் ஒழுங்கற்ற மேலறைத் துடிப்பைச் சரியாகப் பார்த்தால் கருவி தன் முறையை மாற்றிக்கொண்டு கீழறையை அமைதியாக ஓட்டும். ஆனால் அந்த நடுக்க அலைகள் சாதாரண பி அலையைவிடக் குட்டை. 2 மில்லிவோல்ட் பி அலை காட்டிய அதே முனை 0.5-க்கும் கீழான அலைகளைக் காட்டலாம். பாதியைப் பார்த்து, பாதியைத் தவறவிடும் கருவி முறை மாறாமல், பார்த்த அலைகளை எல்லாம் கீழறைக்குக் கடத்தி உச்சவரம்பில் ஓடும். இதனால்தான் மேலறைக்குப் பாதிக் கணக்கு போதாது, 0.3 அல்லது 0.5 வரை இறக்க வேண்டியிருக்கிறது. இறக்கினால் அடுத்த தொல்லை: மேலறை முனை முக்கோண வால்வுக்கு அருகில் இருந்தால் கீழறையின் ஆர் அலையே மேலறைத் துடிப்பாக எண்ணப்படும். நோயாளி நன்றாக இருக்கையில் கருவி மட்டும் "மேலறை நடுக்கம்" என்று நாட்குறிப்பில் எழுதிக்கொண்டே போகும். அதை நம்பி ரத்தம் உறையாமைக்கு மாத்திரை தொடங்கும் முன், பதிவான சிக்னலைக் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். மேலறைக் காதுக்குள் நுனி வால்வை விட்டு விலகிப் பதிந்திருந்தால் இரண்டு தொல்லையும் குறைவு.

மேலறை ஸ்பைக் விழுந்ததும் உடனே அகலமான க்யூஆர்எஸ் வந்தால் மேலறை வயர் கீழறைக்குள் விழுந்திருக்கிறது. அன்றே அனுப்புங்கள்.

அறிகுறி 4: விக்கல்போலத் துள்ளல், நெஞ்சு வலி

ஸ்பைக்கோடு ஒத்த தாளத்தில் விலாவோ வயிறோ துள்ளுகிறது. மேலறை முனை வெளிச்சுவரில் இருந்தால் பக்கத்தில் ஓடும், உதரவிதானத்தை இயக்கும் ஃபிரினிக் நரம்பைத் தட்டுகிறது. கீழறை முனை என்றால் சுவரைத் துளைத்திருக்கலாம். வைத்த ஒரு மாதத்துக்குள், மூச்சு இழுக்கும்போது வலி, புதிதாகக் குறைந்த சிக்னல், விட்டுப்போகும் பிடிப்பு, வி1-இல் மாறிய உருவம், இவற்றில் எந்த இரண்டு சேர்ந்தாலும் எக்கோ எடுத்து இதய உறையில் நீர் இருக்கிறதா என்று பாருங்கள். ரத்த அழுத்தம் இறங்கினால் அது அவசரம். ரத்தம் உறையாமைக்கான மருந்து சாப்பிடுகிறாரா என்பதை அனுப்பும் சீட்டின் முதல் வரியில் எழுதுங்கள். எக்கோவில் நீர் இல்லை என்பதால் துளை இல்லை என்று ஆகிவிடாது.

அறிகுறி 5: வீட்டில் ஒன்றுமில்லை, படகில் மட்டும் வருகிறது

தசை, காறை எலும்பு இரண்டையும் மேலே பார்த்தாயிற்று. மீதி மின்சாரம். ஓடும் எஞ்சினின் ஆல்டர்னேட்டர் மேல் குனிந்து நிற்பது, வின்ச் மோட்டாரைக் கட்டிப்பிடித்து வேலை செய்வது, இவற்றுக்குக் குறைந்தது 30 சென்டிமீட்டர் இடைவெளி. படகுத்துறையில் ஆர்க் வெல்டிங் என்றால் 60 சென்டிமீட்டராவது. கேபிளைத் தோளில் சுற்றிக்கொள்ளக் கூடாது. நம் கரையில் அதிகம் கவனிக்காதது மின்கசிவு. உப்புநீரில் நனைந்த காலோடு, எர்த் இல்லாத மோட்டாரைத் தொடும்போது ஷாக் என்று உணராத அளவு கசிவு உடலில் ஓடலாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை வயர் துடிப்பாக எடுத்துக்கொண்டால் ஸ்பைக் நிற்கும். இரைச்சல் என்று அடையாளம் கண்டால் கருவி எதையும் கேட்காமல் நிலையான வேகத்தில் ஓடும். ஒருமுனை அமைப்பு இங்கேயும் பலவீனம்தான்.

சங்கு, பாசி எடுக்க மூழ்குபவர்களுக்குச் சிக்கல் வயரில் அல்ல, கருவியின் உறையில்: ஒவ்வொரு 10 மீட்டருக்கும் 1 வளிமண்டல அழுத்தம் கூடும். மாடலுக்கான வரம்பை வைத்த ஆஸ்பத்திரியில் எழுதி வாங்காமல் மூழ்கச் சொல்லாதீர்கள்.

அனுப்பும்போது உறையில் வைக்க வேண்டியவை

அட்டையின் நகல், வைத்த தேதி, பழைய ஈசிஜி, இன்றைய ஈசிஜி, இன்றைய பட்டை (காந்தம் வைத்திருந்தால் அதோடும் இல்லாமலும் எடுத்தது), இரண்டு எக்ஸ்ரே, பொட்டாசியம் அளவு. பட்டையின் மேல் பேனாவால் "இங்கே இருமினார்", "இங்கே கையை அழுத்தினார்" என்று குறித்திருந்தால் ப்ரோக்ராமர் முன் உட்காருபவருக்குப் பாதி வேலை முடிந்தது. கேட்க வேண்டிய எண்களையும் எழுதிவிடுங்கள்: ஆர் அலை, பி அலை, பிடிப்பு அளவு, மின்தடை, ஒவ்வொன்றும் வைத்த நாளில் எவ்வளவு, இன்று எவ்வளவு. ஒரே எண்ணைவிட அது சரிந்த விதமே முனையின் கதையைச் சொல்லும்.

மறுபடி பதித்துத் திரும்பியவருக்கு அந்தப் பக்கத்து முழங்கையைத் தோளுக்கு மேல் 4 முதல் 6 வாரம் தூக்கக் கூடாது என்பது வழக்கமான கட்டுப்பாடு. கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். தோளுக்குக் கீழே அசைக்கலாம். மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விசைப்படகில் போகும் ஒருவருக்கு அவசரமில்லாத மாற்றம் என்றால், தேதியை அதற்குள் போடச் சொல்லி மதுரைக்கு எழுதுங்கள். முனை ஊன்ற வேண்டிய வாரங்களில் அவர் வலை இழுக்க வேண்டியிருக்காது.